வி. வி. கிரி: ரயில்வே சங்கத்திலிருந்து மாகாண அமைச்சரவைக்கு

வராககிரி வெங்கட கிரி (1894–1980) இந்தியாவின் நான்காவது குடியரசுத் தலைவராகவே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். 1969-ஆம் ஆண்டுத் தேர்தலும் காங்கிரஸின் பிளவும் அவருடைய முந்தைய ஐம்பது ஆண்டுகளை மறைத்துவிட்டன. அந்த ஆண்டுகளில் அவர் ரயில்வே தொழிலாளர் சங்கத் தலைவராகவும், சென்னை மாகாணத்தில் இரு முறை தொழிலாளர் அமைச்சராகவும் இருந்தார். தொழிலாளியும் முதலாளியும் நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், அரசு குறுக்கே வரக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையோடு அரசாங்கத்தின் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதே அவருடைய அரசியல் வாழ்வின் மையக் கேள்வி.

பெர்காம்பூரும் டப்ளினும்

கிரி 1894 ஆகஸ்ட் 10 அன்று பெர்காம்பூரில் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இன்று ஒடிசாவில் உள்ள அந்த ஊர் அன்று சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தை ஜோகய்ய பந்துலு வழக்கறிஞர். மகனும் சட்டம் படிக்க 1913-இல் அயர்லாந்தின் டப்ளினுக்கு அனுப்பப்பட்டார்.

அவர் சென்ற ஆண்டு சாதாரண ஆண்டு அல்ல. ஜேம்ஸ் லார்க்கினும் ஜேம்ஸ் கனோலியும் வழிநடத்திய போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தை உடைப்பதற்காக டப்ளின் முதலாளிகள் 1913 ஆகஸ்ட் முதல் 1914 தொடக்கம் வரை கதவடைப்பு நடத்தினர். சங்கத்தில் சேர மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க மறுத்தவர்கள் வேலையிழந்தனர். நகரத்தின் வண்டிகளும் துறைமுகமும் நின்றால் நகரமே நிற்கும் என்பதை அந்த மாதங்களில் டப்ளினில் இருந்த எவரும் கண்ணால் பார்த்திருக்க முடியும். இந்தியா திரும்பியதும் போக்குவரத்துத் தொழிலாளர்களிடையே வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் அயர்லாந்தில்தான் தமக்கு உண்டானது என்று கிரி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பின் அயர்லாந்தை விட்டு வெளியேறும்படி அவருக்கு உத்தரவு வந்தது. படித்து முடித்த சட்டத்தோடு ஊர் திரும்பி வழக்கறிஞர் தொழிலில் சேர்ந்தார். 1920-இல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது அதை விட்டார்.

ரயில்வே சங்கம்

கிரியின் சொந்த ஊர் வழியாக ஓடியது பெங்கால் நாக்பூர் ரயில்வே. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தக் கம்பெனியின் பெரிய பணிமனை கரக்பூரில் இருந்தது. வங்காளத்தில் உள்ள ஊரானாலும் அங்கே வேலை செய்தவர்களில் தெலுங்கு பேசுவோர் மிகுதி. கஞ்சம், விசாகப்பட்டினம் மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காகப் போனவர்கள் அவர்கள். பெர்காம்பூர் வழக்கறிஞர் ஒருவர் கரக்பூர்த் தொழிலாளர்களின் தலைவரானது இதனால் இயல்பாக நடந்தது.

1920-களின் தொடக்கத்தில் உருவான பெங்கால் நாக்பூர் ரயில்வே தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர்களில் கிரி முதன்மையானவர். அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தவர்களிலும் ஒருவர். பல ஆண்டுகள் அதன் பொதுச் செயலாளராக இருந்தார். 1926-இல் சென்னையில் கூடிய அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டு ஜெனிவாவில் நடந்த பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்.

அக்காலச் சங்கங்களின் நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மீது நிர்வாகம் வழக்குப் போட்டு, அதன் தலைவர் பி. பி. வாடியாவுக்கு எதிராக உயர்நீதிமன்றத் தடையாணை பெற்றது. வேலைநிறுத்தத்தைத் தூண்டுவது ஒப்பந்தத்தை மீறச் செய்யும் குற்றமாகவே கருதப்பட்டது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம்தான் பதிவு பெற்ற சங்கங்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. சங்கத் தலைவர்களில் பெரும்பாலோர் வெளியாட்கள்: வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், பிரம்மஞான சபையினர். வேலை செய்பவனே தலைவனாக முன்வந்தால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது. கிரியும் அத்தகைய வெளியாள்தான். ஆனால் ஒரே தொழிலில், ஒரே ரயில் பாதையில் ஊன்றி நின்றதால், மேடைக்கு மட்டும் வந்துபோகும் தலைவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

1927-இல் ஆட்குறைப்பை எதிர்த்துக் கரக்பூரில் போராட்டம் வெடித்தது. ஆண்டின் தொடக்கத்தில் வேலைநிறுத்தமும், செப்டம்பர் முதல் மாதக்கணக்கில் நீண்ட கதவடைப்பும் நடந்தன. கிரி ஒரு பக்கம் ஆட்களைத் திரட்டினார். மறு பக்கம் கம்பெனியோடும் அரசோடும் பேச்சை அறுக்காமல் வைத்திருந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் தெற்கே, தென்னிந்திய ரயில்வேயில் இதே பிரச்சினை எழுந்தது. பணிமனைகளைத் திருச்சிக்கு அருகிலுள்ள பொன்மலையில் ஒன்றுசேர்த்து ஆட்களைக் குறைப்பது நிர்வாகத்தின் திட்டம். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்ற அந்த வேலைநிறுத்தம் சில நாட்களில் ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். கிரியின் பாதையும் சிங்காரவேலரின் பாதையும் வேறு வேறு. கிரி வேலைநிறுத்தத்தைப் பேச்சுக்கான கடைசிக் கருவியாகப் பார்த்தார். சிங்காரவேலருக்கு அது ஆட்சியையே மாற்றுவதற்கான பயிற்சி.

இந்த வேறுபாடுதான் 1929-இல் நாக்பூரில் தொழிற்சங்கக் காங்கிரஸையே பிளந்தது. விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணைக்குழுவைப் புறக்கணிக்க வேண்டும் என்று இடதுசாரிகள் தீர்மானம் நிறைவேற்றினர். என். எம். ஜோஷி, கிரி முதலியோர் வெளியேறித் தனிச் சம்மேளனம் அமைத்தனர். ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்னால்தானே தொழிலாளியின் குறை பதிவாகும் என்பது அவர்கள் வாதம். 1931-இல் லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலும் ஜோஷி, பி. சிவராவ், கிரி ஆகிய மூவரே தொழிலாளர் பிரதிநிதிகள். பிரிந்த இரு பிரிவுகளையும் மீண்டும் சேர்க்க 1930-களின் இறுதியில் கிரியே பெரிதும் உழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொப்பிலித் தேர்தல்

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி தந்தது. சென்னை சட்டப்பேரவையின் 215 இடங்களில் 6 இடங்கள் தொழிலாளர் தொகுதிகளாக ஒதுக்கப்பட்டன. நாட்டின் முன்னணித் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் அவற்றில் ஒன்றில் நிற்பார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. கிரி அப்படிச் செய்யவில்லை. 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரைப் பொப்பிலிப் பொதுத் தொகுதியில் நிறுத்தியது. எதிரில் நின்றவர் பொப்பிலி ராஜா, ராமகிருஷ்ண ரங்காராவ். நீதிக்கட்சியின் தலைவர், 1932 முதல் மாகாணத்தின் முதல்வராக இருந்தவர், அந்த மண்ணின் ஜமீன்தாரும் அவரே.

அன்றைய வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகியவற்றைப் பொறுத்தது. ஆலைத் தொழிலாளியும் கூலி விவசாயியும் பெரும்பாலும் வாக்காளர் பட்டியலில் இல்லை. அப்படியிருந்தும் ராஜா தம் சொந்தப் பேரூரிலேயே தோற்றார். மாகாணம் முழுவதும் நீதிக்கட்சி சரிந்த தேர்தல் அது. காங்கிரஸ் 159 இடங்களில் வென்றது. ஆனாலும் பொப்பிலியின் முடிவுக்குத் தனி எடை இருந்தது. ஜமீன்தாரி எதிர்ப்பு உணர்வு எவ்வளவு ஆழத்தில் ஓடியது என்பதை அது காட்டியது.

முதல் அமைச்சர் பதவி

1937 ஜூலையில் ராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவையில் கிரி தொழிலாளர் துறைக்கும் தொழில் துறைக்கும் பொறுப்பேற்றார். ஒரே ஆளிடம் இரு துறைகள். ஒன்று ஆலைகளைப் பெருக்க வேண்டியது; மற்றொன்று ஆலைக்குள் இருப்பவர்களைக் காக்க வேண்டியது. தொழில் துறை அமைச்சர் என்ற முறையில், 1938 அக்டோபரில் சுபாஷ் சந்திர போஸ் டில்லியில் கூட்டிய காங்கிரஸ் மாகாணத் தொழில் அமைச்சர்கள் மாநாட்டில் கிரி பங்கேற்றார். நேருவின் தலைமையில் தேசியத் திட்டக் குழு உருவானது அந்த மாநாட்டின் விளைவு.

தொழிலாளர் துறைதான் கடினமாக இருந்தது. காங்கிரஸ் ஆட்சிக்கு வந்ததும், நம்முடைய அரசு வந்துவிட்டது என்ற நம்பிக்கை ஆலை வாசல்களில் பரவியது. கோவை, மதுரை வட்டாரங்களின் பஞ்சாலைகளில் 1937-லும் 1938-லும் அடுத்தடுத்து வேலைநிறுத்தங்கள் நடந்தன. கூலி உயர்வு, வேலை நேரம், வெளியேற்றப்பட்டவர்களை மீண்டும் எடுத்தல், சங்கத்தை அங்கீகரித்தல் ஆகியவையே கோரிக்கைகள். கடைசிக் கோரிக்கையைத்தான் ஆலை முதலாளிகள் மிகக் கடுமையாக எதிர்த்தனர். கூலியில் நாலணா கூட்டுவது ஒரு கணக்கு. மேஜைக்கு எதிர்ப்புறம் சங்கக்காரன் உட்காருவது வேறு கணக்கு.

கிரி கையாண்ட முறை இதுதான்: முதலில் இரு தரப்பையும் தங்களுக்குள் பேச வைப்பது. முடியாவிட்டால் தொழிலாளர் ஆணையர் வழியாகச் சமரசம். அதுவும் முடியாவிட்டால் 1929-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி விசாரணை மன்றம் அமைத்து உண்மைகளை வெளியே கொண்டுவருவது. கோவைப் பஞ்சாலைகளுக்கு அப்படி ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. தீர்ப்பைத் திணிக்கும் அதிகாரத்தை அவர் நாடவில்லை.

இதன் முக்கியத்துவம் பம்பாயோடு ஒப்பிடும்போதுதான் தெரியும். அங்கேயும் காங்கிரஸ் ஆட்சிதான். 1938-இல் பம்பாய் அரசு கொண்டுவந்த தொழில் தகராறுச் சட்டம், சமரச நடவடிக்கை முடிவதற்கு முன் நடக்கும் வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதமாக்கியது. அம்பேத்கரும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து 1938 நவம்பர் 7 அன்று அதை எதிர்த்து மாபெரும் வேலைநிறுத்தம் நடத்தினர். சென்னையில் அத்தகைய சட்டம் வரவில்லை. ஒரே கட்சி, ஒரே ஆண்டு, இரண்டு மாகாணங்கள். வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல இருக்கலாம், ஆனால் தொழிலாளர் துறையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

அதற்காக ராஜாஜி ஆட்சியைத் தொழிலாளருக்கு இணக்கமான ஆட்சி என்று எழுதிவிடவும் முடியாது. 1937 அக்டோபரிலேயே சோஷலிஸ்ட் தலைவர் பட்லிவாலா மீது இந்த அரசு ராஜதுரோக வழக்குத் தொடர்ந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மீது, காங்கிரஸே முன்பு எதிர்த்த குற்றவியல் திருத்தச் சட்டம் பாய்ந்தது. அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு கிரிக்கும் பொருந்தும். சமரசம் அவர் துறையில் இருந்தது. காவல்துறை வேறொருவர் துறையில் இருந்தது. ஆலை வாசலில் நிற்பவனுக்கு இரண்டும் ஒரே அரசுதான்.

1939-இல் இந்தியாவைக் கேளாமலே போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. கிரி தொழிற்சங்க வேலைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டுகளில் இரு முறை சிறை சென்றார். 1942-இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் அவரை இரண்டாம் முறையாகத் தலைவராக்கியது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது கைதானவர், வேலூர், அமராவதி சிறைகளில் இருந்து 1945-இல்தான் வெளியே வந்தார்.

பொன்மலை, 1946

1946 தேர்தலில் மீண்டும் சட்டப்பேரவைக்கு வந்த கிரி, டி. பிரகாசம் அமைத்த அரசில் மறுபடியும் தொழிலாளர் அமைச்சரானார். இது முந்தைய பதவியைப் போன்றதல்ல. போர் முடிந்து ஆட்குறைப்பு தொடங்கியிருந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு, விலைவாசி ஏறியிருந்தது. தமிழ்நாட்டின் ஆலைகளிலும் ரயில்வேயிலும் கம்யூனிஸ்டுகளின் சங்கங்கள் வலுப்பெற்றிருந்தன.

ஆகஸ்ட் இறுதியில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ரயில்வே மத்திய அரசின் கையில் இருந்ததால், கோரிக்கைகளைப் பற்றி மாகாண அமைச்சர் முடிவெடுக்க முடியாது. காவல்துறை மாகாணத்தின் கையில் இருந்தது. செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் திரண்டிருந்த தொழிலாளர்கள் மீது மலபார் சிறப்புக் காவல் படை சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர். பொன்மலைத் தியாகிகள் நினைவு நாளாக ரயில்வே தொழிலாளர்கள் அந்த நாளை இன்றும் கடைப்பிடிக்கிறார்கள்.

கரக்பூரில் ரயில்வே தொழிலாளர்களைத் திரட்டியவர் அங்கம் வகித்த அரசின் காவலர்களே ரயில்வே தொழிலாளர்களைச் சுட்டார்கள். கிரியின் வரலாற்றைப் புகழுரையாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்டவர் அவர் அல்லர். காவல்துறை அவர் பொறுப்பிலும் இல்லை. ஆனால் அவர் பதவி விலகவும் இல்லை. 1947 ஜனவரியில் பொது ஒழுங்கு அவசரச் சட்டத்தின் கீழ் மாகாணம் முழுவதும் கம்யூனிஸ்டுகளும் சங்க ஊழியர்களும் கைது செய்யப்பட்டபோதும் அவர் அமைச்சராகவே இருந்தார். அதே மார்ச்சில் பிரகாசம் அரசு உட்கட்சிப் பூசலில் கவிழ்ந்தது. கிரியின் மாகாண அரசியல் அத்தோடு முடிந்தது.

கொழும்பும் டில்லியும்

1947 முதல் 1951 வரை அவர் இலங்கைக்கான இந்தியத் தூதர். மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் தலையெழுத்து மாறிய ஆண்டுகள் அவை. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949-ஆம் ஆண்டு இந்திய–பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமும், தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்த தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. ஒரு தொழிற்சங்கவாதி தூதராக இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. தூதர் பேசலாம், சட்டமன்றத்தில் வாக்கு அவரிடம் இல்லை.

1952-இல் பாதபட்டணம் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற கிரி, நேரு அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். பழைய கொள்கையை நாடு முழுவதற்கும் கொண்டுவர இது வாய்ப்பு. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி எந்தத் தகராறையும் அரசு தீர்ப்பாயத்துக்கு அனுப்பி, தீர்ப்பை இரு தரப்பும் ஏற்றே ஆகும்படி செய்ய முடியும். இந்தக் கட்டாயத் தீர்ப்பு முறையைக் கைவிட வேண்டும் என்று 1952 அக்டோபரில் நைனிடாலில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அவர் வற்புறுத்தினார். கட்டாயத் தீர்ப்பு ஒரு காவலரைப் போல மனக்கசப்பைத் தேடி அலைந்து, இரு தரப்பையும் நீதிமன்றத்துக்கு இழுத்துப்போகிறது என்பது அவருடைய உவமை. வழக்கு நடத்தப் பழகிய சங்கம் ஆள் சேர்ப்பதை மறந்துவிடும் என்று அவர் அஞ்சினார். தொழிலாளர் உறவு இலக்கியத்தில் இதுவே ‘கிரி அணுகுமுறை’ எனப்படுகிறது.

முதலாளிகளைவிடத் தொழிற்சங்கங்கள்தாம் தயங்கின என்பது வியப்பளிக்கலாம். காங்கிரஸ் சார்பு ஐ.என்.டி.யு.சி.யே அதை ஏற்கவில்லை. அவர்கள் தயக்கத்தில் நியாயம் உண்டு. கரக்பூர் போன்ற பெரிய பணிமனையில் சங்கம் பேரம் பேசலாம். இருபது பேர் வேலை செய்யும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் யார் யாரோடு பேரம் பேசுவது? அங்கே தீர்ப்பாயம் ஒன்றுதான் துணை. கிரி ரயில்வேயை அளவுகோலாக வைத்து நாட்டை அளந்தார் என்று சொல்லலாம்.

1954-இல் வங்கி ஊழியர்களுக்குச் சாதகமான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் முடிவை அரசு குறைத்து மாற்றியது. கிரி பதவி விலகினார். கட்டாயத் தீர்ப்பையே வேண்டாம் என்றவர், ஒரு கட்டாயத் தீர்ப்பை அரசு மதிக்கவில்லை என்பதற்காக விலகினார். முரண்பாடு போலத் தோன்றினாலும் உள்ளே ஒரு நேர்கோடு இருக்கிறது: வேலைநிறுத்தம் வேண்டாம், தீர்ப்பாயத்துக்கு வா என்று தொழிலாளியை அழைத்த அரசு, தீர்ப்பு வந்த பிறகு அதை மாற்றக்கூடாது. 1946-இல் செய்யாததை 1954-இல் செய்தார். பின்னர் அரசு கஜேந்திரகட்கர் ஆணைக்குழுவை அமைத்தது. ஊழியர்கள் இழந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

பார்வதிபுரம்

1957 பொதுத்தேர்தலில் கிரி பொப்பிலிக்கு அருகிலுள்ள பார்வதிபுரம் தொகுதியில் நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி: ஒரு பொது இடம், ஒரு பழங்குடியினர் இடம். பழங்குடி வேட்பாளர்களில் அதிக வாக்குப் பெற்றவருக்கு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. இரண்டாவது பழங்குடி வேட்பாளரான திப்பல சூரி தொரா, கிரியைவிடச் சற்றுக் கூடுதல் வாக்குப் பெற்றுப் பொது இடத்தையும் வென்றார். கிரி வழக்குத் தொடர்ந்தார். ஒதுக்கீட்டு இடத்துக்கு மனுச் செய்தவர் பொது இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது; மேலும் சூரி தொரா தம்மைச் சத்திரியர் என்று சொல்லிக்கொண்டவர், எனவே பழங்குடியினர் அல்லர் என்பவை வாதங்கள். 1959-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. இத்தகைய இரட்டைத் தொகுதிகள் 1961-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. இருபது ஆண்டுகளுக்கு முன் ஜமீன்தாரைத் தோற்கடித்த வட்டாரத்திலேயே ஒரு பழங்குடி வேட்பாளரிடம் கிரி தோற்றார். அதன் பிறகு அவர் மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்கும் தேர்தலில் நிற்கவில்லை.

உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் ஆளுநர் பதவிகளும், 1967-இல் குடியரசுத் துணைத்தலைவர் பதவியும் வந்தன. ஜாகிர் உசேன் மறைவுக்குப் பின் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் பதவி விலகித் தேர்தலில் சுயேச்சையாக நின்று, இரண்டாம் விருப்ப வாக்குகளின் துணையால் நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார்.

அவருடைய பதவிக்காலத்தின் கடைசி மாதங்களில், 1974 மே 8 அன்று, நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தின் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். கிரி தோற்றுவித்த அதே சம்மேளனம். ஆயிரக்கணக்கானோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் கைதாயினர். ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இருபது நாட்களில், மே 27 அன்று, எந்தக் கோரிக்கையும் நிறைவேறாமல் வேலைநிறுத்தம் திரும்பப் பெறப்பட்டது. ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்து கிரி சென்னைக்குத் திரும்பினார்.